எம்.பி.ஏ.வா, ஆடிட்டரா, வக்கீலா?

பி.காம். தேர்வு முடிவு வந்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். தாராவியில் குடியிருப்பவர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, ஆறு மணிக்குள் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாஹிம் பக்கம் போய் விற்றுவிட்டு வருகிறவர். கையில் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த ஒரு கடிதம் வைத்திருந்தார். நவி மும்பையில் ஒரு தனியார் மேலாண்மைக் கல்லூரி அனுப்பியது. "உங்கள் மகளுக்கு இடம் உறுதி. இரண்டாண்டுக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். 15 நாட்களுக்குள் முன்பணம் 50,000" என்று அதில் கண்டிருந்தது.

"சார், பொண்ணு 62 பர்சென்ட் வாங்கியிருக்கா. எம்.பி.ஏ. படிச்சாத்தான் நல்ல வேலைங்கிறாங்க. பேங்க்ல ஏழரை லட்சம் கிடைக்குமாம். பாக்கிக்கு வீட்ல நகை இருக்கு. கையெழுத்துப் போட்டுடலாமா?"

வங்கியில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகையால் இந்தக் கேள்வியோடு ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் நம்மவர்கள் சிலர் வருவதுண்டு. சயான், ஆண்டாப் ஹில், செம்பூர், முலுண்டு, கல்யாண் என்று ஊர் மாறும், கேள்வி மாறுவதில்லை. அந்தத் தகப்பனாருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. நம் முந்தைய தலைமுறையினர் எஸ்.எஸ்.எல்.சி.யோடு, டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்கள். மாதுங்காவில் ஒரு அறையில் நான்கு பேர் தங்கி, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் ஸ்டெனோவாகவும் குமாஸ்தாவாகவும் சேர்ந்தார்கள். அந்தப் படிப்புக்கு ஆன செலவு சொற்பம். பலன் சீக்கிரம் கிடைத்தது. அந்த வேலைகளைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு மேற்படிப்பு இல்லாமல் முடியாது என்பது உண்மைதான். ஆனால் எந்த மேற்படிப்பானாலும் சரி என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

கடன் கணக்கு

கல்லூரிக் கடிதத்தில் 10 லட்சம் என்று இருந்தது. வங்கி 7½ லட்சம் கொடுத்தால், அது ஆண்டுக்குப் பாதியாகக் கல்லூரிக்குப் போகும். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் இரண்டு ஆண்டும், அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் ஆண்டு முடிவில் அது சுமார் 2 லட்சம் ரூபாய் ஆகி அசலோடு சேரும். ஆக, 9½ லட்சத்துக்கு மேல் கடன். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் 13,170 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் கட்டி முடிக்கும்போது 15 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருக்கும். நகை அடகு இதில் சேரவில்லை.

பெண்ணுக்குப் படிப்பு முடிந்ததும் 60,000 சம்பளத்தில் வேலை கிடைத்தால் 13,000 பெரிய சுமை அல்ல. 22,000 கிடைத்தால்? ரயில் பாஸ், சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் போகத் தவணைக்கு எங்கே போவது? தானே ஸ்டேஷன் வாசலில் குடை போட்டுக் கிரெடிட் கார்டு விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். நம்ம பையன்தான், எம்.பி.ஏ. படித்தவன். பக்கத்தில் நின்றவன் வெறும் பி.காம். இருவருக்கும் ஒரே சம்பளம். ஒருவனுக்குக் கடன் இருக்கிறது, மற்றவனுக்கு இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

எம்.பி.ஏ.வில் படிப்பை விட இடம் பெரிது

இதனால் எம்.பி.ஏ. வீண் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஆமதாபாத், கல்கத்தாவில் 1961-லும், பெங்களூரில் 1973-லும் தொடங்கிய ஐ.ஐ.எம்.களுக்கும், நம் சர்ச்கேட்டில் 1965 முதல் இயங்கும் ஜம்னாலால் பஜாஜ் நிறுவனத்துக்கும் கம்பெனிகள் தேடி வருகின்றன. பவாயில் நைட்டீ என்று நமக்குப் பழக்கமான நிறுவனம் 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது. சிடன்ஹாம் கல்லூரியின் மேலாண்மைப் பிரிவும் சர்ச்கேட்டிலேயே இருக்கிறது. இங்கெல்லாம் இடம் கிடைத்தால், கடன் வாங்கியாவது சேர்த்துவிடுங்கள் என்று நானே சொல்வேன்.

எம்.பி.ஏ.வில் பாடப் புத்தகம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். உடன் படிப்பவர்கள் யார், வேலை கொடுக்க வருகிறவர்கள் யார் என்பதில்தான் விலை இருக்கிறது. நுழைவுத் தேர்வே இல்லாமல், அல்லது பெயருக்கு ஒன்று வைத்து, பணம் கட்டினால் இடம் என்னும் கல்லூரிக்கு எந்தக் கம்பெனி தேடி வரும்?

ஆகவே, கல்லூரிக்குப் போனால் கட்டடத்தையும் குளிர்சாதன வகுப்பறையையும் பார்த்து மயங்காதீர்கள். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகமா, அல்லது கல்லூரியே டிப்ளமோ கொடுக்கிறதா, டிப்ளமோ என்றால் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு உண்டா என்று கேளுங்கள். "அதிகபட்சச் சம்பளம் 18 லட்சம்" என்று விளம்பரத்தில் போடுவார்கள். அது ஒரே ஒரு மாணவனுடையது. நடுவில் நிற்கும் மாணவனுக்கு என்ன கிடைத்தது, வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன வேலை என்று கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் முடித்தவர்கள் நான்கைந்து பேரைத் தேடிப் பிடித்துப் பேசுவது இன்னும் நல்லது. கல்லூரி கொடுக்கும் பெயர்களை அல்ல, நீங்களாகத் தேடியவர்களை.

அந்தத் தகப்பனாரிடம், "பெண் சி.இ.டி. எழுதினாளா?" என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இங்கேதான் நம் குடும்பங்கள் ஏமாறுகின்றன. மகாராஷ்டிர அரசின் பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டியது, பிள்ளை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கும்போதே, ஆண்டின் தொடக்க மாதங்களில். எம்.பி.ஏ.வுக்கு ஒன்று, மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு ஒன்று எனத் தனித்தனித் தேர்வுகள். ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வு நவம்பர் கடைசியில். விண்ணப்பம் அதற்கு முன்பே ஆகஸ்டில். ஜூன் மாதம் முடிவு வந்த பிறகு விழித்துக்கொள்கிறவர்களுக்கு மிஞ்சுவது நேரடி இடமும் நிர்வாக ஒதுக்கீடும்தான். தரகர்கள் காத்திருப்பதும் அவர்களுக்காகவே.

இன்னொன்று கேளுங்கள். 2024 ஜூலையில் மகாராஷ்டிர அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு உட்பட்ட, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, சமூக - கல்வி ரீதியில் பின்தங்கிய பிரிவு, இதர பிற்பட்ட வகுப்பு மாணவிகள் அரசின் மையக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால், கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முழுவதையும் அரசே ஏற்கும். தனியார் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் பொருந்தாது. அதாவது, ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில், ஒரு பெண் கட்டணமில்லாமலும் இன்னொரு பெண் லட்சக்கணக்கில் கட்டியும் உட்கார்ந்திருக்க முடியும்! உயர்தர நிறுவனங்களுக்கென மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி கடன் திட்டமும் தகுதி வழி சேர்ந்தவர்களுக்குத்தான்.

சான்றிதழ் விவகாரம்

ஆணையில் இருந்தாலும் நமக்குக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. இதை வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் மகாராஷ்டிர அரசின் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. 1990-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொன்ன வழக்கே நம் பரேலிலுள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி தொடர்பானது. ஆந்திரத்தில் பழங்குடி என்று சான்று பெற்ற மாணவர் இங்கே அந்தச் சலுகை கேட்டார். சொந்த மாநிலத்துச் சலுகை அவருடன் இடம் பெயராது என்று தீர்ப்பாயிற்று. 2018-ல் வந்த தீர்ப்பும் இதையே உறுதி செய்தது.

ஆனால், உங்கள் தாத்தாவோ தகப்பனாரோ 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே குடியேறியவர் என்றால், சாதியின் பெயரும் மகாராஷ்டிரப் பட்டியலில் இருந்தால், இங்குள்ள தாழ்த்தப்பட்டோர் சான்றிதழே கேட்கலாம். இதர பிற்பட்ட வகுப்புக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. பழைய ரேஷன் கார்டு, மில் சம்பளச் சீட்டு, தாத்தாவின் மாநகராட்சிப் பள்ளிச் சான்று எதையும் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மூன்று தலைமுறையாகத் தாராவியில் இருந்தும் ஒரு சீட்டுக்கூட வைத்துக்கொள்ளாமல் தவிக்கும் குடும்பங்களை நான் அறிவேன். சான்றிதழ் வாங்கினால் போதாது. சரிபார்ப்புக் குழுவின் செல்லுபடிச் சான்றும் வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். ஐ.ஐ.எம். போன்ற மத்திய நிறுவனங்களில் நிலைமை வேறு: தாழ்த்தப்பட்டோருக்குச் சொந்த மாநிலத்து வழியில் பெற்ற சான்றும் அங்கே செல்லும்.

மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகளில் அந்தந்த மொழிக்காரர்களுக்கென ஒரு பகுதி இடம் ஒதுக்கப்படுகிறது. கல்லூரியின் தகவல் ஏட்டில் தமிழ் என்று இருந்தால் அந்த வழியையும் விடாதீர்கள்.

ஆடிட்டர் படிப்பு

ஏழைக் குடும்பத்துப் பி.காம். பட்டதாரிக்கு என் முதல் ஓட்டு சி.ஏ.வுக்குத்தான். காரணம் எளிது. பதிவுக் கட்டணம் ஆயிரக்கணக்கில்தான், லட்சக்கணக்கில் அல்ல. பயிற்சிக் காலத்தில் கைக்கு ஏதோ கொஞ்சம் உதவித்தொகையும் வரும். தேறிவிட்டால், எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மலபார் ஹில் பையனும் கோலிவாடாப் பெண்ணும் எழுதுவது ஒரே தேர்வு, வாங்குவது ஒரே சான்று. 1949-ல் சட்டத்தின் மூலம் ஏற்பட்ட இன்ஸ்டிட்யூட் இதை நடத்துகிறது. சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டண்ட் தகுதிகளை முதுகலைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதாக 2021 மார்ச்சில் யு.ஜி.சி.யும் அறிவித்துவிட்டது.

பெண்களுக்கு இது ஒத்துவருமா என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். 1933-லேயே கணக்காயர் தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் ஆனவர் ஆர். சிவபோகம், நம் சென்னைக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர் அவர்!

வணிகவியலில் 55 சதவீதம் எடுத்த பட்டதாரி, முதல் கட்டத் தேர்வு எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு 60 சதவீதம் வேண்டும். எட்டு மாதப் படிப்புக்குப் பின் தேர்வு. இரண்டு பிரிவு, ஆறு தாள். தாளுக்கு 40, பிரிவுக்கு மொத்தத்தில் 50 சதவீதம். இரண்டு பிரிவும் தேறினால் இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப். 2023-ல் வந்த புதிய திட்டத்துக்கு முன் இது மூன்று ஆண்டாக இருந்தது. பிறகு இறுதித் தேர்வு. அதிலும் ஆறு தாள். எல்லாம் முதல் தடவையிலேயே தேறினால், பி.காம். முடித்து மூன்றரை, நான்கு ஆண்டில் ஆடிட்டர் ஆகலாம்.

இந்த "தேறினால்" என்பதில்தான் சங்கடம். இறுதித் தேர்வில் இரண்டு பிரிவையும் சேர்த்து எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே தடவையில் தேறுவதில்லை. ஏழெட்டு ஆண்டு எழுதிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. வயதும் போய், கல்யாணமும் தள்ளி, கடைசியில் விட்டவர்களும் உண்டு. எம்.பி.ஏ.வில் ஆபத்து பணத்துக்கு. சி.ஏ.வில் ஆபத்து வயதுக்கு. எனவே சேரும் நாளிலேயே ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும்: இன்டர்மீடியட்டுக்கு இத்தனை தடவை, அதற்குமேல் இல்லை என்று. கெடுவைப் பிள்ளையே சொல்லட்டும். பெற்றோர் சொல்ல வேண்டாம்.

ஆர்ட்டிகிளுக்குச் சேரும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய நிறுவனம் என்றால் பெயர் உண்டு. ஆனால் இரண்டு ஆண்டும் ஒரே வகைக் காகிதத்தை டிக் அடித்துக்கொண்டிருக்க நேரலாம். கோட்டைப் பகுதியில் மாடிப்படி ஏறிப் போகும் சின்ன ஆபீஸில் வருமான வரி, ஜி.எஸ்.டி., தணிக்கை, கம்பெனிப் பதிவு எல்லாம் கைபழகும். தேர்வுக்கு விடுப்புத் தருகிற ஆடிட்டரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக் கோட்டு

சர்ச்கேட்டில் 1855-ல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. 1935 முதல் 1938 வரை டாக்டர் அம்பேத்கர் முதல்வராக இருந்த கல்லூரி. இன்றும் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள்தான். பட்டப் படிப்பில் 45 சதவீதம் எடுத்திருந்து, சி.இ.டி.யில் நல்ல மார்க்கு வாங்கினால் மூன்றாண்டு எல்எல்.பி. படிக்கலாம். தாராவியிலிருந்து இரயிலில் அரைமணி நேரம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் பிள்ளைகள் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை.

வணிகம் படித்தவருக்குச் சட்டமும் சேர்ந்தால் மும்பையைப் போன்ற ஊர் வேறில்லை. கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம், கடன் வசூல் தீர்ப்பாயம், பங்குச் சந்தை வழக்குகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், வரித் தீர்ப்பாயம், வீட்டு மனை விவகாரங்களுக்கு மகாரேரா என எல்லாமே இங்கே இருக்கின்றன. 2016-ல் திவால் சட்டம் வந்த பிறகு, பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்த வக்கீலுக்கு மதிப்புக் கூடிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றும் வாயில் வரும். கீழ்க் கோர்ட்டில் அது பெரிய சொத்து.

ஆனால் முதல் நான்கைந்து ஆண்டு பட்டினிக் காலம். மூத்த வக்கீல் கொடுக்கிற பணம் ரயிலுக்கும் டீக்கும் சரியாக இருக்கும். நகரங்களில் இளம் வக்கீல்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்கலாம் என்று 2024 அக்டோபரில் பார் கவுன்சில் ஆப் இந்தியா சுற்றறிக்கை விட்டது. அது சிபாரிசுதான், கட்டளை அல்ல. வீட்டில் வேறு சம்பளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும். பதிவுக் கட்டணம் என்று முன்பு மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கின; பொதுப் பிரிவினரிடம் 750, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பதிவுக்குப் பின் அகில இந்திய பார் தேர்வு எழுத வேண்டும். எல்எல்.எம். பற்றிக் கேட்பவர்களுக்கு: கோர்ட்டில் வாதாட அது தேவையில்லை, கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்க விரும்பினால் படிக்கலாம்.

பங்குச் சந்தை, மியூச்சுவல் பண்டு என்று நாட்டமுள்ளவர்களுக்கு, செபி ஏற்படுத்திய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சின்னச் சின்னச் சான்றுத் தேர்வுகள் உண்டு. செலவு குறைவு, புரோக்கர் ஆபீஸில் நுழைய உதவும். சி.எப்.ஏ. அமெரிக்கத் தேர்வு, கட்டணமும் டாலரில். சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். எம்.பி.ஏ.வுக்கும் இதே யோசனை பொருந்தும். இரண்டு, மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுக் கேட் எழுதுகிறவர்களை நல்ல நிறுவனங்கள் விரும்புகின்றன.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணே வந்தாள். கையில் ஒரு நோட்டு. தகப்பனார் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஐயா, இன்டர்மீடியட்ல பெயில் ஆயிட்டா என்ன பண்றது?" என்பதுதான் முதல் கேள்வி. முன்பணத்தைப் பற்றியோ கல்லூரியைப் பற்றியோ அவள் பேசவில்லை. மூன்று தடவை என்று தானே கெடு வைத்தாள். அடுத்த ஆண்டு சட்டத்துக்கான சி.இ.டி.யும் எழுதிவைப்பது என்றும், மஸ்ஜித் பந்தரில் ஒரு மொத்த வியாபாரியிடம் டேலி கணக்கு எழுதப் பாதி நாள் வேலைக்குப் போவது என்றும் நோட்டில் எழுதிக்கொண்டாள். தாத்தாவின் தோல் கிடங்குச் சம்பளச் சீட்டு 1948-ஆம் ஆண்டுடையது ஒன்று பெட்டியில் இருப்பதாகத் தகப்பனார் அப்போதுதான் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு தாசில்தார் ஆபீஸுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

கல்லூரிக்கு விண்ணப்பத்தோடு கட்டிய 2,000 ரூபாய் திரும்பி வரவில்லை. தரகர் இன்னமும் போன் செய்துகொண்டிருக்கிறாராம். கட்டணத்தில் 50,000 குறைத்துக்கொள்வதாக.